சர்க்கரைக்கொல்லி

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரிலுள்ள பாசார் தெருவைத் தமிழர் கடைத்தெரு என்றே வழங்கி வந்தனர். 1786ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அத்தீவைக் கைக்கொண்ட பின்னர், வாணிகத்திற்கும் கூலித் தொழிலுக்கும் தமிழர் பெருகி வந்தனர். அவர்கள் பண்டங்களோடு தம் மருத்துவ அறிவையும் உடன்கொண்டு வந்தனர். அவ்வறிவில் இடம்பெற்ற மூலிகைகளுள் ஒன்று சிறுகுறிஞ்சான்.

எருக்கின் குடும்பத்தைச் சார்ந்த இக்கொடியின் இலையை மென்றபின் சர்க்கரையை உண்டால், அது மணலைப்போல் சுவையற்றிருக்கும். இதனாலேயே சர்க்கரைக்கொல்லி என்னும் பெயரும் இதற்கு வழங்கலாயிற்று. நீரிழிவுக்கு இவ்விலைப்பொடியைக் கொடுப்பது சித்த மருத்துவ வழக்கு. இலையின் இவ்வியல்பை எட்ஜ்வொர்த் என்பார் 1847ஆம் ஆண்டளவில் மேனாட்டு அறிஞர்க்கு உணர்த்தினார். உதகமண்டலத்தில் பணியாற்றிய டேவிட் ஹூப்பர் 1887இல் இலையை ஆராய்ந்து, அதிலுள்ள ஜிம்னீமிக் அமிலத்தைப் பிரித்துக் காட்டினார்.

சர்க்கரையைக் கொல்லும் இலையை அறிந்திருந்த அம்மக்களே சர்க்கரையை விளைவிக்கவும் வந்தனர் என்பது வரலாற்றின் விந்தையாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள புரோவின்ஸ் வெல்லெஸ்லியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கொண்டுவரப்பட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பின் இடத்தை ரப்பர் பற்றிக்கொண்டது, கரும்பு மறைந்தது. சர்க்கரை நோயோ பெருகியது. 2019ஆம் ஆண்டின் தேசிய நலக் கணக்கெடுப்பின்படி, மலேசியாவில் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது. இந்தியர் சமூகத்திலேயே அது மிகுதி.

இந்நிலையில் இலையின் ஆற்றலை அளவறிந்து போற்றுதல் வேண்டும். சென்னை ஆய்வாளர் 1990இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இன்சுலின் ஊசி பெற்றுவந்த 27 நோயாளர்க்கு இலைச்சத்து அளிக்கப்பட்டது. அவர்களுக்கு வேண்டியிருந்த இன்சுலினின் அளவு குறைந்தது. இன்சுலின் அறவே வேண்டா என்று அவ்வாய்வு காட்டவில்லை. சிறு தொகையினரைக் கொண்டு முடிந்த முடிபு கூறுதலும் இயலாது. மேலும், மாத்திரையோடு இலைப்பொடியையும் மருத்துவர் அறியாமல் உண்டால், குருதிச் சர்க்கரை அளவிறந்து தாழ்ந்து இடர் விளைதலும் கூடும்.

முன்னோர் சூட்டிய பெயர் நாவறிந்த உண்மையைக் கூறுகிறது. நாவின் இனிப்பைக் கொல்லுதல் வேறு. நோயைக் கொல்லுதல் வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்து மூலிகையைப் பயன்கொள்வதே முன்னோர் அறிவுக்கு நாம் செய்யும் சிறப்பாகும்.