மின்சாரப் பேருந்துகள்: ஒரு தீங்கை நீக்க இன்னொரு தீங்கு வேண்டாம்

2019 ஆகஸ்ட் 26 அன்று சென்னையில் மின்சாரப் பேருந்து ஒன்று சோதனை முறையில் ஓடத் தொடங்கியது. அதற்குக் கிடைத்த தடம் சென்ட்ரல் – திருவான்மியூர். முழு அளவிலான சேவைக்கு மேலும் ஆறு ஆண்டுகள் காத்திருந்தோம். 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகளை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். ஆகஸ்டில் பெரும்பாக்கம் பணிமனையிலிருந்து மேலும் 135 பேருந்துகள் வந்தன. உலக வங்கி ஆதரவுடன் ஐந்து பணிமனைகளிலிருந்து 625 பேருந்துகளை இயக்குவது முதல் கட்டத் திட்டம்.

பணிமனையே முதல் படி

இந்த மாற்றத்தில் வண்டி வாங்குவதைவிடப் பணிமனையைத் தயார் செய்வதே பெரிய வேலை. டீசல் நிரப்பச் சில நிமிடங்கள் போதும். மின்சாரப் பேருந்து ஒருமுறை சார்ஜ் செய்தால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடும். ஆனால் சார்ஜ் ஏற நேரம் பிடிக்கும். ஆகவே உயரழுத்த மின் இணைப்பு, மின்மாற்றி, சார்ஜர்கள் ஆகியவை முன்கூட்டியே வேண்டும். ஒவ்வொரு தடத்திலும் வண்டி நாளொன்றுக்கு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்ற கணக்கும் வேண்டும்.

இதற்கு டெல்லி ஒரு பாடம். அங்குள்ள பேருந்துகளை 2001 மார்ச் 31-க்குள் சி.என்.ஜி. எரிவாயுவுக்கு மாற்ற வேண்டும் என்று 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கெடு வந்தபோது வண்டிகளும் போதவில்லை, எரிவாயு நிலையங்களும் போதவில்லை. நிலையங்களில் நீண்ட வரிசை. நிறுத்தங்களில் பேருந்தின்றித் தவித்த மக்கள். நோக்கம் நல்லது, ஆயத்தம் குறைவு.

ஃபிக்ஹு சொல்லும் அளவுகோல்

தீங்கு நீக்கப்பட வேண்டும் என்பது ஃபிக்ஹு கலையின் அடிப்படை விதிகளில் ஒன்று. டீசல் புகை தீங்கு என்பதில் ஐயமில்லை. அந்த விதிக்கு ஒரு துணை விதியும் உண்டு: ஒரு தீங்கை அதற்கு நிகரான இன்னொரு தீங்கால் நீக்கக் கூடாது. இந்த அளவுகோலில் மூன்று கேள்விகள் எழுகின்றன.

ஒன்று, மின்சாரம் எங்கிருந்து வருகிறது? அது நிலக்கரியிலிருந்தே வந்தால், திருவான்மியூரில் குறையும் புகையின் சுமை எண்ணூர் மக்களின் தலையில் இறங்கும். காற்றாலை, சூரிய மின்சாரத்தின் பங்கும் சேர்ந்தே வளர வேண்டும்.

இரண்டு, பழைய பேட்டரிகள் என்னவாகும்? அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் உற்பத்தியாளர் மீது சுமத்தியுள்ளன. விதி ஏட்டோடு நிற்கக் கூடாது.

மூன்று, தொழிலாளர்கள். இந்தப் பேருந்துகளை ஒப்பந்த நிறுவனமே வாங்கிப் பராமரிக்கிறது. ஓட்டுநர் அதன் ஆள், நடத்துநர் மட்டும் மாநகர் போக்குவரத்துக் கழக ஊழியர். ஓடிய கிலோமீட்டருக்குக் கழகம் பணம் தருகிறது. அப்படியானால் டீசல் எஞ்சினில் காலம் கழித்த மெக்கானிக்குக்கு மறுபயிற்சி உண்டா? ஒப்பந்த ஓட்டுநருக்கு நியாயமான ஊதியமும் ஓய்வும் உண்டா?

இவற்றை எதிர்ப்புக்காக நாம் கேட்கவில்லை. காற்று சுத்தமாக வேண்டும் என்பதே நம் விருப்பமும். அதன் விலையை எண்ணூரும் ஏழைத் தொழிலாளியும் மட்டும் சுமக்கக் கூடாது என்கிறோம். திட்டமிடும்போதே இதைக் கணக்கில் சேர்ப்பதுதான் நீதி.