பாவனையுலகும் அறப்பொறுப்பும்: வட ஆர்க்காட்டுக் கல்விச் சூழலில் எழுந்த மாயை விவாதத்தின் ஒளியில் ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

மனிதர் வாழும் உலகம் ஒரு கணினிப் பாவனையாக இருக்கக்கூடும் என்னும் கருதுகோள் 2003ஆம் ஆண்டுக்குப் பின் மெய்யியலிலும் கிறித்தவ இறையியலிலும் பேசுபொருளாகியுள்ளது. உலகம் பாவனையெனில் அதில் செய்யப்படும் நன்மை தீமைகளுக்குப் பொருள் உண்டா என்பது அதிலிருந்து எழும் அறவியல் வினா. இவ்வினாவின் முந்தைய வடிவம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்து மிஷன் கல்லூரிச் சூழலில் மாயை பற்றிய விவாதமாக நிகழ்ந்தது. ஏ. ஜி. ஹாக், ச. இராதாகிருஷ்ணன், வெ. சக்கரை ஆகியோரின் சிந்தனைகளையும் சைவ சித்தாந்தத்தின் காரணக் கோட்பாட்டையும் இன்றைய கருதுகோளோடு இக்கட்டுரை ஒப்பிடுகிறது. சார்ந்திருத்தல் வேறு, பொய்யாயிருத்தல் வேறு என்பதும், அறக்கேள்வி வாழ்வோரைவிட வடிவமைத்தவரையே கடுமையாகத் தொடுகிறது என்பதும் இதன் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: மாயை, பாவனைக் கருதுகோள், படைப்பு, அறப்பொறுப்பு, அமெரிக்க ஆர்க்காடு மிஷன், சைவ சித்தாந்தம்

1. முன்னுரை

ஆக்ஸ்போர்டு மெய்யியலாளர் நிக் பாஸ்ட்ரம் 2003இல் வெளியிட்ட கட்டுரை மூன்று கூற்றுகளுள் ஒன்றேனும் உண்மையாதல் வேண்டும் என்று வாதிட்டது. மனிதர் போன்ற நாகரிகங்கள் மிகவுயர்ந்த கணிப்புத் திறனை எட்டுமுன் ஏறத்தாழ முற்றிலும் அழிந்துவிடும் என்பது முதலாவது. எட்டினும் தம் முன்னோரின் வாழ்வைக் கணினியில் நிகழ்த்திப் பார்க்க அவை விரும்பா என்பது இரண்டாவது. இவ்விரண்டும் பொய்யெனின், இப்போது வாழ்வோர் அத்தகைய பாவனை ஒன்றினுள் இருப்பது ஏறத்தாழ உறுதி என்பது மூன்றாவது. பாவனையை இயக்குவோர் அதனுள் வாழ்வோருக்குக் கடவுளரை ஒத்தவராய் இருப்பர் என்பதையும் பாஸ்ட்ரம் அக்கட்டுரையிலேயே சுட்டினார்.

இதன் அறவியல் விளைவை 2001லேயே ராபின் ஹான்சன் வெளிப்படையாக எழுதியிருந்தார். பாவனையில் வாழ்வதாகக் கருதுபவர் பிறரைப் பற்றிக் குறைவாகக் கவலைப்படலாம். இன்றைய பொழுதுக்காக மிகுதியாக வாழலாம். இயக்குவோருக்குச் சுவையூட்டும் வகையில் நடந்துகொள்ளலாம் என்பன அவர் வருவித்த முடிவுகள். அண்டை வீட்டாரின் துயரம் மெய்யோ பொய்யோ என்னும் ஐயம், அவருக்கு உதவும் கடமையையே தளர்த்திவிடுகிறது. இக்கருதுகோள் வெறும் அறிவு விளையாட்டாக நின்றுவிடாமல் அறவியல் சிக்கலாவது இவ்விடத்தில்தான். இச்சிக்கலைத் தமிழகம் வேறொரு பெயரில் முன்பே எதிர்கொண்டுள்ளது.

2. ஆரணி: தறியும் மிஷனும்

இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள ஆரணி, 1989ஆம் ஆண்டுப் பிரிவினைக்கு முன் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. பட்டு நெசவால் அறியப்பட்ட இவ்வூர் இரண்டு வகையில் இவ்வாய்வுக்குத் தொடக்கப் புள்ளியாகிறது.

முதலாவது தறி. பட்டுச் சேலையின் கரையிலும் முந்தானையிலும் உருவங்களை எடுக்கப் பயன்படுவது ஜக்கார்டு பெட்டி. துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டியில் நகர்கின்றன. துளையுள்ள இடத்திற்குரிய பாவு இழை மேலெழும். துளையில்லாத இடத்திற்குரியது கீழேயே நிற்கும். ஜோசப் மரி ஜக்கார்டு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் நிறைவுசெய்த இப்பொறியின் அட்டைகளையே சார்லஸ் பாபேஜ் தம் பகுப்பாய்வுப் பொறிக்கு எடுத்துக்கொண்டார். அப்பொறி இயற்கணிதக் கோலங்களை நெய்வதை, ஜக்கார்டு தறி பூவும் இலையும் நெய்வதோடு ஏடா லவ்லேஸ் 1843இல் ஒப்பிட்டார். உலகமே நிரலாக இருக்கலாம் என்னும் எண்ணத்திற்கு அடிப்படையான கணினியின் முன்னோடிகளுள் ஒன்று நெசவுத் தறியாகும்.

இரண்டாவது மிஷன். ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள் 1853இல் நிறுவிய அமெரிக்க ஆர்க்காடு மிஷனின் தொடக்ககால நிலையங்களுள் ஆரணியும் ஒன்று. இம்மிஷன் வேலூரில் நடத்திய ஊரிசு கல்லூரியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பயின்றவர் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் (1888–1975). அங்கிருந்து அவர் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குச் சென்றார். வட ஆர்க்காட்டில் தொடங்கிய இக்கல்விப் பாதையின் முடிவிலேயே மாயை விவாதம் எழுந்தது.

3. மாயையும் அறமும்: 1904–1909

இராதாகிருஷ்ணன் பயின்ற காலத்து மிஷன் கல்லூரிகளில் வேதாந்தத்தின்மீது வைக்கப்பட்ட முதன்மையான குற்றச்சாட்டு அறவியல் சார்ந்தது. உலகம் மாயையெனில் பசித்தவனும் மாயை, அவனுக்கு இடும் உணவும் மாயை. ஆதலின் வேதாந்தத்தில் அறத்திற்கு இடமில்லை என்பது அதன் சாரம். கிறித்தவத் திறனாய்வாளர் விடுத்த இவ்வறைகூவலே தம்மை இந்து மெய்யியலைக் கற்கத் தூண்டியது என்று இராதாகிருஷ்ணன் பிற்காலத்தில் பதிவுசெய்துள்ளார். வேதாந்தத்தின் அறவியலையும் அதன் மெய்யியல் அடிப்படைகளையும் பற்றி அவர் முதுகலைப் பட்டத்திற்கு எழுதிய ஆய்வேடு 1908இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 20.

மாயை என்பது இன்மையைக் குறிக்கவில்லை என்பது இராதாகிருஷ்ணன் தொடர்ந்து வளர்த்தெடுத்த விடை. உலகம் தன்னளவில் நிற்பதில்லை, பிரம்மத்தைச் சார்ந்து நிற்கிறது என்பதையே அச்சொல் உணர்த்துகிறது. தான் எனும் முனைப்பைக் கடக்க வேண்டியவனுக்கு அறம் அக்கடத்தலின் வழியாகிறது. இந்தியச் சிந்தனை உலக மறுப்புடையது என்று ஆல்பர்ட் சுவைட்சர் 1930களில் எழுதியபோதும், 1939இல் வெளியான தம் நூலில் இராதாகிருஷ்ணன் இந்நெறியிலேயே மறுமொழி கூறினார்.

அவருடைய ஆசிரியர்களுள் ஒருவரான ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக் (1875–1954) இவ்விவாதத்தை வேறொரு முனையிலிருந்து அணுகினார். 1904–05இல் கல்லூரி இதழில் அவர் எழுதிய கட்டுரைகள் 1909இல் ‘கர்மாவும் மீட்பும்’ என்னும் பொருள்படும் நூலாயின. வினைக் கோட்பாடு உலகை ஒரு நீதிமன்றமாகக் காண்கிறது என்பது அவர் கருத்து: ஒவ்வொரு துன்பமும் அதனை அடைபவர் முன்பு ஈட்டியதற்குச் சரியான அளவு. ஆனால் அறவுலகு என்பது நீதிமன்றம் அன்று. ஒருவர் செய்த தவற்றால் மற்றொருவர் துன்புறுவதும், ஒருவருக்காக மற்றொருவர் துன்பம் ஏற்பதும் இயலும் உலகிலேயே அன்பும் மன்னிப்பும் பொருள் பெறுகின்றன என்று ஹாக் வாதிட்டார். வினைக்கும் பயனுக்கும் இடையே பிழையின்றி இயங்கும் கணக்கு எவ்வளவு நேர்மையாயினும் அது அறமாகிவிடாது என்பது இவ்வாதத்தின் உட்பொருள்.

ஆசிரியரும் மாணவரும் எதிரெதிர் நிலைகளிலிருந்து எழுதினும் இருவரையும் ஒரு கேள்வி இணைக்கிறது. உலகம் எப்பொருளால் ஆனது என்பதைக் காட்டிலும், அவ்வுலகில் ஒருவர் மற்றொருவருக்குக் கடமைப்பட்டவராய் இருக்க இயலுமா என்பதே இருவருக்கும் முதன்மையாயிற்று.

4. சார்பும் பொய்மையும்

பாவனைக் கருதுகோளின் அறவியல் சிக்கல் ஒரு பிழையான சமன்பாட்டில் வேர்கொண்டுள்ளது. பிறிதொன்றால் ஆக்கப்பட்டது பொய்யானது என்பது அச்சமன்பாடு. டேவிட் சால்மர்ஸ் 2022இல் வெளியிட்ட நூலில் இதனை மறுக்கிறார். உலகம் பாவனையேயாயினும் அதிலுள்ள மரமும் மேசையும் மெய்ப்பொருள்களே. அவற்றின் அடித்தளம் நாம் கருதியதினின்றும் வேறாக இருக்கிறது என்பதே அறியப்படும் செய்தி.

கிறித்தவப் படைப்புக் கோட்பாடு இதனைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வேறு சொற்களில் கூறியது. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் படைப்பை, முன்னொரு காலத்தில் நிகழ்ந்து முடிந்த செயலாக மட்டும் கொள்ளவில்லை. படைக்கப்பட்டது இறைவனை இடையறாது சார்ந்திருக்கும் உறவு என்றே விளக்கினார். அவ்வகையில் சார்பு மெய்ம்மைக்கு மாறானதன்று. படைப்பின் மெய்ம்மையே அச்சார்பில்தான் உள்ளது. அதே நூற்றாண்டில் தமிழகத்தில் மெய்கண்டார் வகுத்த சைவ சித்தாந்தமும் உலகைப் பொய்யென்னும் கொள்கையை மறுத்தது. அதில் மாயை உலகிற்கு முதற்காரணமாகிய மெய்ப்பொருள். குடத்திற்கு மண் முதற்காரணம், திகிரி துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் ஆவது போல, உலகிற்கு மாயையும் சத்தியும் இறைவனும் காரணங்களாகின்றனர்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. பாவனையை இயக்குபவர் தமக்கு முன்பே உள்ள கணினியையும் மின்னாற்றலையும் கொண்டு உலகை அமைக்கிறார். ஆதலின் அவர் இன்மையிலிருந்து படைக்கும் கிறித்தவக் கடவுளை ஒத்தவர் அல்லர். முன்னுள்ள பொருளைக்கொண்டு ஆக்கும் நிமித்த காரணராகிய குயவனையே பெரிதும் ஒத்தவர். அட்டையில் துளையிட்டுக் கோலத்தை வகுப்பவர் பட்டு நூலை உண்டாக்குவதில்லை. அதே வேளையில், கோலம் அட்டையால் வந்தது என்பதற்காகச் சேலையின் கரையிலுள்ள அன்னமோ மயிலோ இல்லாத ஒன்றாகிவிடுவதுமில்லை; அதனை நெய்தவரின் உழைப்பும் பொய்யாகிவிடுவதில்லை.

5. வடிவமைத்தவரின் பொறுப்பு

சித்தாந்தக் குயவனுக்கும் பாவனையை இயக்குபவருக்கும் உள்ள ஒற்றுமை ஓரளவில் முடிந்துவிடுகிறது. சித்தாந்தத்தில் உயிர்கள் இறைவனால் ஆக்கப்பட்டவை அல்ல, அவை தொடக்கமில்லாதவை. ஆணவத்தால் கட்டுண்ட அவ்வுயிர்களுக்கு அருளின் பொருட்டே தனு, கரணம், புவனம், போகம் ஆகியவை வழங்கப்படுகின்றன. உலகம் உயிர்களின் நன்மைக்காக அமைந்தது என்பதே அதன் அறவியல் நியாயம். பாவனையிலோ துன்புறும் உணர்வே வடிவமைப்பாளரால் உண்டாக்கப்படுகிறது. அதுவும் அவருடைய ஆய்வுக்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ இருக்கலாம். துன்புறும் உயிரைப் பிறருடைய நோக்கத்திற்குக் கருவியாக மட்டும் ஆக்குதல் கூடாது என்பது காண்ட்டின் அறவியலிலிருந்து வருவிக்கத்தக்க நெறி. அதன்படி குற்றக்கூண்டில் நிற்க வேண்டியவர் பாவனைக்குள் வாழ்பவர் அல்லர், அதனை இயக்குபவரே. ஆற்றல் மிக்கவர் என்பதாலேயே ஒருவர் வழிபாட்டிற்குரியவர் ஆகார் என்று சால்மர்ஸ் கூறுவதும் இதனோடு இயைகிறது.

கிறித்தவ இறையியல் இக்குற்றச்சாட்டை எதிர்கொள்ளும் இடம் மனிதாவதாரக் கோட்பாடு. படைத்தவர் வெளியே நின்று காண்பவராக இராமல், உள்ளே வந்து பசியையும் மரணத்தையும் ஏற்றார் என்பது அதன் மையம். தொடக்கத் திருச்சபை கடுமையாக எதிர்த்த கொள்கைகளுள் ஒன்று, கிறிஸ்துவின் உடல் வெறும் தோற்றமே என்பது. இன்றைய சொல்லாட்சியில், கணினி விளையாட்டில் ஆட்டக்காரர் புனையும் உருவம் போன்றது அவ்வுடல். அடி விழுந்தாலும் ஆட்டக்காரருக்கு நோவதில்லை. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கியாவின் இக்னேஷியஸ், ஸ்மிர்னா சபையாருக்கு எழுதிய மடலில், இக்கொள்கையினர் கைம்பெண்களையும் அனாதைகளையும் பசித்தவர்களையும் பொருட்படுத்துவதில்லை என்று கடிந்தார். உடலைத் தோற்றமெனக் கொள்வதற்கும் பசித்தவரைக் கைவிடுவதற்கும் இடையே அவர் கண்ட தொடர்பு, ஹான்சனின் முடிவுகளில் 1900 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் தோன்றுகிறது.

சென்னைக் கிறித்தவச் சிந்தனையாளர் வெ. சக்கரை (1880–1958) ‘இயேசு அவதாரம்’ என்னும் கருத்தை மையமாகக் கொண்ட தம் நூலை 1926இல் வெளியிட்டார். அவதாரம் என்னும் இந்துச் சொல்லை எடுத்துக்கொண்ட அவர், அது தோன்றி மறைந்துவிடும் நிகழ்ச்சியன்று, நிலைத்துத் தொடர்வது என்று அழுத்தம் கொடுத்தார். சென்னை மேயராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் விளங்கிய ஒருவர் இவ்வாறு எழுதியது கருதத்தக்கது. இறைவன் ஏற்ற மனித வாழ்வு மெய்யெனில், ஆலைத் தொழிலாளியின் கூலியும் உழைப்பு நேரமும் இறையியலுக்குப் புறம்பானவை ஆகா.

6. முடிவுரை

பாவனைக் கருதுகோளும் மாயைக் கோட்பாடும் ஒன்றல்ல. முன்னது கணிப்புத் திறன் பற்றிய ஊகத்தில் நிற்பது. பின்னது விடுதலை நோக்கிய மெய்யுணர்வில் நிற்பது. எனினும் இரண்டும் எழுப்பும் அறக்கேள்வி ஒன்றாதலின், ஒன்றிற்குத் தேடப்பட்ட விடைகள் மற்றொன்றிற்கும் பயன்படுகின்றன. சார்ந்திருப்பது பொய்யன்று என்பதை இராதாகிருஷ்ணனும் சித்தாந்தமும் கிறித்தவப் படைப்புக் கோட்பாடும் வெவ்வேறு வழிகளில் நிறுவுகின்றன. பிழையற்ற கணக்கு மட்டுமே அறமாகாது என்பதை ஹாக் உணர்த்துகிறார். ஆக்கியவர் தாம் ஆக்கியதன் துயரில் பங்கேற்கிறாரா என்னும் அளவுகோலைச் சக்கரையின் அவதாரச் சிந்தனை தருகிறது.

வடிவமைத்தவர் யாவர் என்பது அறியப்படாமலே போகலாம். தறிக்குழியில் அமர்ந்திருப்பவரின் முதுகுவலிக்கு அவ்வறியாமை மருந்தாவதில்லை. அவருக்குச் சேர வேண்டிய கூலியை மறுப்பதற்கு அது காரணமாவதுமில்லை. உலகின் அடித்தளம் பற்றிய ஐயம் எவ்வளவு ஆழமாயினும், வலியை உணர்பவருக்கு அது வலியே. அறம் தொடங்குவதற்கு அவ்வுண்மை போதுமானது என்பதே இவ்விவாத வரலாறு காட்டும் முடிபு.