டேனரிக்கு கருத்துக்கேட்பு கூட்டம் உண்டு, வீட்டுமனைக்கு? ஆம்பூர், வேலூர் மக்கள் ஆட்சேபனையை எங்கே, எப்போ சொல்லணும்?

கலர் கொடி, வெள்ளை அடித்த எல்லைக்கல், 'அப்ரூவ்டு பிளாட்' போர்டு. வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை நெடுஞ்சாலை ஓரத்தில் இது பழகிப்போன காட்சி. "இவ்வளவு பெரிய லேஅவுட் வருது, ஊர்ல யாரையும் ஒரு வார்த்தை கேட்கலையே?" என்று பக்கத்து நிலத்துக்காரர்கள் கேட்பதும் வழக்கம்தான்.

கேட்பதற்கு சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனா அது போர்டு வைக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே முடிஞ்சு போயிடுது. அது எந்தக் கட்டம், எப்படிப் பிடிப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

டேனரிக்கு மட்டும் ஏன் கூட்டம்?

மத்திய அரசின் 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் தோல் பதனிடும் ஆலையும், பொது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் இருக்கின்றன. இதற்காக நடப்பதுதான் கருத்துக்கேட்பு கூட்டம். மாசு கட்டுப்பாட்டு வாரியம் 30 நாள் அவகாசத்தோடு செய்தித்தாளில் அறிவிக்கும். கலெக்டர் அல்லது அவரது பிரதிநிதி தலைமை வகிப்பார். ஏற்கனவே சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குள் வரும் ஆலைகளுக்கு விலக்கு உண்டு.

அதே அறிவிக்கை, கட்டடம், மனை மேம்பாடு, டவுன்ஷிப் திட்டங்களுக்கு கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு கொடுக்கிறது. தமிழ்நாட்டு விதிகளிலும் தனித்தனி லேஅவுட்டுக்கு பொதுக்கூட்டம் நடத்தும் நடைமுறை இல்லை. அதனால்தான் யாரும் உங்களைக் கேட்பதில்லை.

அப்போ மக்கள் எங்கே பேசணும்?

மாஸ்டர் பிளான் எனப்படும் முழுமைத் திட்டம் வரைவாக இருக்கும்போது. எந்த சர்வே நம்பர் குடியிருப்பு, எது தொழிற்சாலை, எது விவசாயம் என்று முடிவாவது அதில்தான். லேஅவுட் அனுமதி அதன் பின்னால் வருவது.

1971-ம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் என்ன சொல்கிறது?

* வரைவுத் திட்டம் பற்றி அரசிதழிலும் முன்னணி நாளிதழ்களிலும் அறிவிப்பு வர வேண்டும்.
* திட்டத்தை எங்கே நேரில் பார்க்கலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும்.
* ஆட்சேபனை, ஆலோசனையை எழுத்து மூலம் கொடுக்க குறைந்தது 2 மாத அவகாசம் தர வேண்டும்.
* நேரில் விசாரிக்கும்படி கேட்டவர்களுக்கு அந்த வாய்ப்பைத் தர வேண்டும்.

கடைசி வரிதான் முக்கியம். மனுவிலேயே "என்னை நேரில் விசாரிக்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதுங்க. கேட்டவருக்குத்தான் அந்த வாய்ப்பு.

திட்டம் இறுதியான பிறகு ஒரு நிலத்தை மட்டும் விவசாயத்திலிருந்து குடியிருப்புக்கு மாற்றினாலும் செய்தித்தாள் அறிவிப்பு வரும். அவகாசம் எத்தனை நாள் என்பது அதிலேயே இருக்கும். பலர் கண்ணில் படாமல் போவது இந்தச் சின்ன விளம்பரம்தான்.

இந்தப் பகுதிக்கு இது ஏன் பெரிய விஷயம்?

தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது குறித்து வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் 1991-ல் தொடர்ந்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு அந்தத் தீர்ப்பில் இடம்பெற்றது. 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் பாலாறு மாசு குறித்து மீண்டும் தீர்ப்பு வழங்கியது.

விளையாத நிலத்தை மனையாக விற்கலாம். ஆனா அங்கே வீடு கட்டி வர்றவங்களும் அதே நிலத்தடியில்தான் போர் போடணும். பக்கத்தில் ஆலை இருக்கிறதா, கால்வாய் போகிறதா, கிணற்றுத் தண்ணீர் எப்படி என்பது அந்த ஊர்க்காரருக்குத் தெரியும். வரைபடம் வரைகிறவருக்குத் தெரியணும்னா, யாராவது எழுதிக் கொடுக்கணும்.

'பஞ்சாயத்து அப்ரூவல்' போதுமா?

போதாது. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) ஒப்புதல் இல்லாமல் ஊராட்சி மட்டும் லேஅவுட்டுக்கு அனுமதி தர முடியாது.

2016 செப்டம்பர் 9 அன்று அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதிய சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அதைத் தொடர்ந்து 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளுக்கே அவை பொருந்தும். நீர்நிலை, புறம்போக்கில் போட்ட மனைகளை வரன்முறை செய்ய முடியாது.

பூங்கா இடம் என்ன ஆச்சு?

2019-ம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு (ஏறத்தாழ இரண்டரை ஏக்கர்) மேற்பட்ட லேஅவுட்டில், சாலை போக மீதி பரப்பில் 10 சதவீதத்தை திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சிக்கு தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை இடம் விட முடியாவிட்டால், அதற்கு ஈடாக வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். தானம் கொடுத்த இடத்தை யாரும் மனையாக விற்க முடியாது. உங்க தெருவில் அந்த இடம் எங்கே என்று அனுமதி வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும்.

என்ன செய்யலாம்?

* ஆட்சேபனையில் கிராமம், சர்வே நம்பர், பிரச்சனை மூன்றும் தெளிவாக இருக்கட்டும். புல வரைபடம், போட்டோ இணையுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீங்க.
* கிராம சபையில் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 நாள். தீர்மானம் லேஅவுட்டைத் தானாக ரத்து செய்யாது. ஆனால் மனுவோடு இணைக்கும் ஆவணமாகும்.
* திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். 2019-ல் மாவட்டம் பிரிந்ததால், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் போக வேண்டியது திருப்பத்தூர் கலெக்டர் அலுவலகம், பேரணாம்பட்டுக்கு வேலூர், மேல்விஷாரம், வாலாஜாவுக்கு ராணிப்பேட்டை.
* மனை வாங்குகிறவர்கள், லேஅவுட் 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

பத்திரம் முடிந்து வீடு எழும்பிய பிறகு கொடுக்கும் மனு, பெரும்பாலும் கோர்ட் வாசலுக்குத்தான் கொண்டு போகும். பேப்பரில் 'நில உபயோக மாற்றம்' என்ற தலைப்பு கண்ணில் பட்டால், அதில் உங்க ஊர் பெயர் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துடுங்க.