கொடுவாவும் கொட்டியாரக் குடாவும்

வெளிநாடுகளில் இலையுதிர் காலம் வந்தால், வழிகாட்டி ஒருவருக்குக் காசு கட்டி ஆற்றில் ‘பாஸ்’ மீன் பிடிக்கப் போவாங்க. நம்ம பக்கத்தில் அதுக்குக் கிட்டின மீன் கொடுவா. ஆங்கிலத்தில் ‘சீ பாஸ்’, ஆஸ்திரேலியாவில் ‘பராமண்டி’.

லிங்கநகரிலிருந்து துறைமுகத்தைத் தாண்டித் தெற்கே போனால் கொட்டியாரக் குடா. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி அங்கேதான் கடலில் கலக்குது. கொடுவா கழிமுகப் பக்கம் முட்டையிடும். குஞ்சுகள் ஆற்றுக்குள் ஏறி வளரும். அதுக்கு ஆறும் வேணும், கடலும் வேணும்.

வரலாறு ரெண்டிலயும் கை வச்சிருக்கு. 1976இல் பொல்கொல்லவில் மகாவலித் தண்ணியில் ஒரு பங்கு வரண்ட வலய வயல்களுக்குத் திருப்பப்பட்டது. 2006இல் மாவிலாறு மதகை மூடினதோடு வெடிச்ச சண்டை மூதூர், சம்பூர் சனத்தைக் கரையிலிருந்தே எழுப்பிவிட்டது. சம்பூர்க் காணிகள் விடுபட 2015, 2016 ஆயிற்று.

நாளைக்கு இங்கயும் சுற்றுலாத் தூண்டில் வரலாம். அப்ப படகில் வழிகாட்டியா இருக்கவேண்டியது இவ்வளவையும் தாங்கின கரைக்காரர்தான். இன்னொன்று: கொடுவா பெரும்பாலும் ஆணாக முதிர்ந்து பிறகு பெண்ணாக மாறும். படத்துக்குத் தூக்கிப் பிடிக்கிற பெரிய மீன்தான் முட்டையிடுற தாய். அதைத் திரும்பத் தண்ணியில் விடுற வழக்கத்தோட தொடங்கினால்தான் இந்தத் தொழில் நிலைக்கும்.