வெறுமையின் ஓசை: ஒரு கசிவின் வரலாறு

'ஏர் பிடிக்கிறது' என்றொரு வழக்கு நம் ஊர்ப் பட்டறைகளில் உண்டு. கிணற்று மோட்டாரின் உறிஞ்சுகுழாயில் இணைப்பு தளர்ந்து தண்ணீர் ஏறாமல் போனாலும் அதையே சொல்வார்கள்; பழைய காரின் எஞ்சின் நின்ற நிலையில் உதறினாலும் அதையே சொல்வார்கள். இரண்டும் வெவ்வேறு இயந்திரங்கள். ஆனால் நோய் ஒன்றுதான். வெறுமை இருக்கவேண்டிய இடத்தில் காற்று புகுந்துவிட்டது. இந்த எளிய வழக்குச் சொல்லுக்குப் பின்னால் ஏறத்தாழ நானூறு ஆண்டு வரலாறு ஒன்று இருக்கிறது.

இயற்கை வெற்றிடத்தை ஒப்புவதில்லை என்பது அரிஸ்டாட்டில் வழிவந்த மேலைச் சிந்தனையின் நெடுநாள் நம்பிக்கை. உறிஞ்சுகுழாய் ஏறத்தாழ பத்து மீட்டருக்கு மேல் நீரை ஏற்றாது என்ற கிணற்றடிச் செய்தியை 1638-ல் கலீலியோ தம் நூலில் குறித்தார். அவருடைய இறுதி நாட்களில் உடனிருந்த தொரிசெல்லி, 1644-ல் எழுதிய கடிதத்தில், நாம் காற்றுக்கடலின் அடியில் வாழ்கிறோம் என்ற கருத்தை முன்வைத்தார். குழாயில் நின்ற பாதரசத்தின் உயரம் ஏறத்தாழ 76 சென்டிமீட்டர். அதைத் தாங்கி நின்றது வெறுமையின் இழுப்பு அன்று, வெளிக்காற்றின் அழுத்தம்.

அடுத்தவர் ஜெர்மனியின் மாக்டபர்க் நகரத் தலைவர் ஓட்டோ ஃபான் கெரிக்கே. ஒட்டிய இரு செப்பு அரைக்கோளங்களைக் குதிரைகள் இழுத்தும் பிரிக்கமுடியாத காட்சியைப் பாடநூல்கள் நமக்குக் காட்டியிருக்கின்றன. அதற்கு முந்தைய தோல்விகளே நம் கதைக்கு முக்கியம். முதலில் அவர் ஒரு மரப்பீப்பாயில் நீரை நிரப்பி, அடைத்து, நீரை மட்டும் வெளியே இறைத்தார். உள்ளே தண்ணீர் கொதிப்பது போன்ற ஓசை எழுந்தது. மரத்தின் நுண்துளைகள் வழியே காற்று புகும் ஓசை அது. பீப்பாயை நீர் நிறைந்த பெரிய பீப்பாய்க்குள் வைத்துப் பார்த்தார். அப்போதும் பறவையின் கீச்சொலி போல் ஒன்று கேட்டது. 1672-ல் வெளிவந்த தம் நூலில் இவற்றையெல்லாம் அவர் பதிவுசெய்திருக்கிறார். கசிவைக் காதால் கண்டறிந்தவர்களின் வரிசையை இவரிடமிருந்து தொடங்கலாம்.

1712-ல் இங்கிலாந்தின் டட்லி அருகே தாமஸ் நியூகோமன் நிறுவிய எஞ்சினை நீராவி எஞ்சின் என்கிறோம். உண்மையில் அதை உந்தியது நீராவி அன்று. உருளைக்குள் நீராவியைக் குளிரவைத்தால் வெறுமை உண்டாகும். வெளிக்காற்று பிஸ்டனைக் கீழே அழுத்தும். ஆகவே காற்றுக் கசிவே அதன் முதற்பகை. அக்காலத்தில் உருளையைத் துல்லியமாகக் கடைய முடியாது. நியூகோமன் பிஸ்டனைச் சுற்றித் தோலை வைத்து, மேலே தண்ணீரைத் தேக்கினார். இடுக்கு இருந்தால் நீர் கசியட்டும், காற்று நுழையவேண்டாம் என்பது அந்த உபாயம். உள்ளே சேரும் காற்றை வெளியேற்ற வைத்த வால்வுக்கு, சளி பிடித்தவர் மூக்கை உறிஞ்சும் ஓசையைக் கொண்டே பெயரிட்டார்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. உருளையின் வார்ப்புக் குறை ஒன்றை ஈயப் பற்றுவைத்து அடைத்திருந்தார்களாம். அது விட்டுப்போய்க் குளிர்நீர் உள்ளே பீறிட, எஞ்சின் எதிர்பாராத வேகத்தில் இயங்கியதாம். குளிர்நீரை உள்ளே தெளிக்கும் முறை அப்படித்தான் பிறந்தது என்று ஸ்வீடன் நாட்டு மார்ட்டின் ட்ரீவால்ட் 1734-ல் எழுதினார். கசிவு கெடுப்பது மட்டுமன்று, கற்பிப்பதும் உண்டு.

1876-ல் நிகோலாஸ் ஓட்டோ நான்கு வீச்சு எஞ்சினை உருவாக்கினார். 1893-ல் வில்ஹெல்ம் மேபாக் பெட்ரோலைத் தூவலாகக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரைத் தந்தார். பிஸ்டன் இறங்கும்போது உண்டாகும் வெறுமைதான் காற்றையும் எரிபொருளையும் உள்ளே இழுக்கிறது. முழுதாக எரிய, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். கார்புரேட்டருக்குக் கீழே எங்கேனும் காற்று புகுந்தால் இந்தக் கணக்கு பிறழ்கிறது.

வண்டி ஓடும்போது தெரியாத நோய் நிற்கும்போது மட்டும் தெரிவது ஏன்? ஐட்லிங்கில் காற்று நுழையும் மடல் ஏறக்குறைய மூடியிருக்கிறது. உள்ளே வெறுமை மிகுதி. செல்லும் காற்றோ மிகக் குறைவு. அந்நிலையில் சிறு கசிவும் பெரும்பங்காகிவிடுகிறது. மடல் திறந்ததும் அதே கசிவு பெருவெள்ளத்தில் சிறுதுளி.

அம்பாசடர் 1950களின் இறுதி முதல் 2014 வரை உற்பத்தியில் இருந்தது. அத்தகைய வண்டிகளோடு வாழ்ந்த மெக்கானிக்குகள் இதற்கொரு முறையியலை வைத்திருந்தார்கள். பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து, ஒரே சிலிண்டரின் குறையா, பொதுக்குறையா என்று முதலில் பிரிப்பார்கள். சோக்கைச் சற்று இழுத்ததும் உதறல் தணிந்தால், காற்று மிகுந்துவிட்டது என்று பொருள். பிறகு ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக நெரித்துப் பார்ப்பார்கள். பிரேக் பூஸ்டர் குழாய், டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்குவம் குழாய், மேனிஃபோல்டு பேக்கிங், தேய்ந்த திராட்டில் தண்டு என்பன ஐயத்துக்குரிய இடங்கள். இறுதியாக ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையால் சீறலைத் தேடுவார்கள். கெரிக்கே பீப்பாயருகே கேட்டதும் இதே சீறலைத்தான்.

வாக்குவம் மீட்டர் வைத்திருந்தவர்களுக்கு அந்த முள்ளே நாடி. கடல்மட்டத்தில், நலமான எஞ்சின் 17 முதல் 21 அங்குலம் வரை அசையாது காட்டும். முள் தாழ்ந்து நின்றால் கசிவோ பற்றவைப்பின் தாமதமோ இருக்கலாம். சீரான இடைவெளியில் துடித்தால் வால்வை ஐயுறவேண்டும். அந்த அங்குலம் பாதரசத்தின் அங்குலம் என்பது நினைவுகூரத்தக்கது. தொரிசெல்லியின் குழாய் பட்டறைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. 1648-ல் பாஸ்கலின் மைத்துனர் மலையேறி அளந்து காட்டிய உண்மைப்படி, உதகையில் அதே எஞ்சின் ஏறத்தாழ ஏழு அங்குலம் குறைவாகவே காட்டும். அதை அறியாதவர் நலமான எஞ்சினை நோயாளியாக்கிவிடுவார்.

இன்றைய வண்டிகளில் ஆக்ஸிஜன் உணரி இருக்கிறது. கசிவு நேர்ந்தால் பி0171 என்ற குறியீடு கருவியில் தோன்றலாம். கலவையில் எரிபொருள் குறைந்திருக்கிறது என்பதே அதன் பொருள். ஏன், எங்கே என்பதை அது சொல்லாது. இடத்தைக் காண இன்றும் புகையைச் செலுத்தியோ காதைக் கொடுத்தோதான் தேடவேண்டியிருக்கிறது.

தொரிசெல்லிக்கும் பாஸ்கலுக்கும் அறிவியல் வரலாற்றில் இடமுண்டு. நெரித்தும் கேட்டும் நோய் கண்ட பட்டறைக்காரர்களின் அறிவு பெரும்பாலும் ஏட்டில் ஏறியதில்லை, கைவழியாகவே கைமாறியது. கற்றுக்கொள்ள ஆளில்லாதபோது அதுவும் ஒரு கசிவாகிவிடுகிறது. பொறியியல் நூல்கள் தாமே அவற்றைத் திரட்டும் என்று தமிழ் படித்த நாம் ஒதுங்கியிருக்க முடியாது. 'ஏர் பிடிக்கிறது', 'ஐட்லிங் நிற்கவில்லை', 'மிஸ்ஸிங் அடிக்கிறது' என்பன வெறும் கொச்சை வழக்குகள் அல்ல, நோய்க்குறிகளின் பெயர்கள். வேளாண்மைச் சொற்களையும் மீனவர் சொற்களையும் தொகுத்தது போல, அவற்றைச் சொல்லும் வாய்கள் இருக்கும்போதே இவற்றையும் தொகுக்கவேண்டும்.