ஆர்லிங்டனில் ஒரு கல்லிருக்கை

வாஷிங்டன் நகருக்கு எதிரே, பொடோமாக் ஆற்றின் மறுகரையில் இருக்கிறது ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டம். கொரியப் போரில் பணியாற்றியவர்களின் நினைவாக 1987 ஜூலை 27 அன்று அங்கே ஓர் இருக்கையை அமைத்தார்கள். அந்தப் போர் ஓய்ந்து அன்றோடு 34 ஆண்டுகள். (ஓய்ந்தது என்பதும் பேச்சுக்குத்தான், போர்நிறுத்தம் ஆனதே தவிர, சமாதான உடன்படிக்கை இன்றுவரை கையெழுத்தாகவில்லை.) இருக்கையில் பொறித்திருப்பது நாவலாசிரியர் ஹெர்மன் வோக்கின் ஒரு வாசகம். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடலில் கடற்படை அதிகாரியாக இருந்தவர் அவர்.

அமெரிக்கர்கள் கொரியப் போரை ‘மறக்கப்பட்ட போர்’ என்பார்கள். மூன்றே ஆண்டுகளில் 36,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களைப் பலிகொண்டும் அதற்கு அந்தப் பெயர். ஆர்லிங்டனின் வெண்சலவைக் கற்களில் பெயர், பதவி, பங்கேற்ற போர்கள் என்று வரிசையாகப் பொறித்திருக்கும். படையிலேயே காலம் கழித்த சிலரின் கல்லில் இரண்டாம் உலகப் போர், கொரியா, வியட்நாம் மூன்றும் இருக்கும். முதலிலும் கடைசியிலும் கண் நிற்கும். நடுவில் இருப்பதைத் தாண்டிவிடும். நினைவகங்களின் கதையும் அப்படியே. வியட்நாம் போர் நினைவுச் சுவர் 1982-இலேயே எழுந்துவிட்டது. அதற்கு முந்தைய கொரியப் போருக்குத் தலைநகரில் தேசிய நினைவகம் வர 1995 ஆயிற்று. அங்கே எஃகில் வார்த்த 19 வீரர்கள் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறார்கள். சிற்பம் அருமைதான். ஆனாலும் என் மனம் இந்த இருக்கையின் பக்கமே சாய்கிறது.

1951-இல் இருபது வயதில் போர்முனைக்குப் போனவருக்கு 1987-இல் 56 வயது. தோழனின் கல்லறையைத் தேடி மேடேறி வருபவருக்கு மூச்சு வாங்கும். நம் முன்னோர் களத்தில் விழுந்தவனுக்கு நடுகல் நட்டார்கள். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணுக்குச் சாலையோரத்தில் சுமைதாங்கி நிறுத்தினார்கள். நடுகல்லுக்குப் படையல் உண்டு. சுமைதாங்கிக்கு அது கிடையாது. வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கி வைத்து இளைப்பாறுவதே அவளுக்குச் செய்யும் மரியாதை. ஆர்லிங்டன் இருக்கை, வீரருக்கு எழுந்த சுமைதாங்கி. கொரியாவில் காணாமற்போன 7,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் உடல்கள் இன்னும் அடையாளம் காணப்படவில்லை. அவர்களுடைய வீட்டார் எந்தக் கல்லின்முன் போய் நிற்பார்கள்? உட்காரவாவது ஓர் இடம் வேண்டாமா?

இந்தப் போரில் நமக்கும் பங்குண்டு. 1950 நவம்பரில் கொரியா போய்ச் சேர்ந்த 60-ஆவது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ் என்ற இந்திய மருத்துவப் பிரிவுக்குத் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ். பியோங்யாங்கிலிருந்து படைகள் பின்வாங்கியபோது, மருத்துவச் சாமான்களை விட்டுவிட்டு வர மனமில்லாமல், கிடைத்த ரயில் எஞ்சினைத் தாமே ஓட்டி அத்தனையையும் தெற்கே கொண்டுவந்து சேர்த்தார்கள் அவர்கள். 1951 மார்ச்சில் முன்சான் அருகே அமெரிக்க வீரர்களோடு ரங்கராஜும் அவருடைய சில ஆட்களும் வானிலிருந்து குதித்து, காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்தார்கள். அவர்கள் கையால் பிழைத்தவர்களில் சிலர் அந்த இருக்கையில் உட்கார்ந்தும் இருக்கலாம். ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. தமிழ்நாட்டில் அவர் பெயரைச் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்? முன்னாள் படைவீரர்கள் அவருக்குச் சிலை வைக்க நிதி திரட்ட வேண்டாம். ஏதாவது ஒரு ராணுவ மருத்துவமனை வாசலில், புறநோயாளிகள் காத்திருக்கும் மரத்தடியில், அவர் பெயரில் ஒரு கல்பெஞ்சு போட்டால் போதும்.