மாறிய முகம், மாறாத பெயர்

இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979 இல். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர், 1969 செப்டெம்பர் 18 அன்று, அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 'பிவிட்ச்ட்' என்னும் மாயாஜால நகைச்சுவைத் தொடரின் ஆறாவது பருவம் ஆரம்பமாயிற்று. சூனியக்காரி சமந்தாவின் கணவன் டாரினாக ஐந்து பருவங்கள் நடித்த டிக் யோர்க்கைக் காணவில்லை. அதே பெயரில், அதே வீட்டில், டிக் சார்ஜென்ட் நின்றார். விளக்கமாக ஒரு வார்த்தையும் கூறப்படவில்லை.

1959 இல் வெளியான 'தே கேம் டு கோர்டுரா' திரைப்படத்தின் படப்பிடிப்பில் யோர்க்கின் முதுகு காயமுற்றிருந்தது. அந்த வலியுடனேயே மக்களைச் சிரிக்க வைத்தவர், 1969 இல் படப்பிடிப்புத் தளத்தில் மயங்கி விழுந்தார். பின்னர் தொடருக்குத் திரும்பவில்லை. நோயுற்ற நிலையிலும் தொலைபேசி வழியே வீடற்றோருக்கு உதவி திரட்டிய அவர் 1992 இல் காலமானார்.

ஈழத்துக் கூத்திலும் ஒரே அரசனை ஒரே இரவில் இருவர் ஆடுவதுண்டு. ஆனால் முன்னவர் யார், பின்னவர் யார் என்பது சபைக்குத் தெரியும்.

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். மூட்டை சுமந்து முதுகொடிந்தவரின் இடத்தில் மறுநாள் இன்னொருவர் நிற்பார். முன்னவரைப் பற்றி எவரும் பேசமாட்டார்கள். சமந்தாவின் மந்திரங்களைவிட அந்த மௌனமே எனக்குப் பெரிய மாயமாகத் தோன்றுகிறது.